ஒற்றை அம்புக்குறி

"என் முறை வந்துடுச்சுங்க…"

டுலூத் நகர நூலகத்தின் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரிலிருந்து ஜோலீன் நிமிரவேயில்லை. வெளியே ஏரியின் மேல் மழை சாய்ந்து பெய்தது. அவள் வேலை செய்வது இலவச சட்ட உதவி அலுவலகத்தில். நாலு மணிக்குள் சாட்சியப் புகைப்படங்களின் பட்டியல் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால், சுவரெல்லாம் பூஞ்சை பிடித்த குடியிருப்பிலிருந்து பதினோரு குடும்பங்கள் தெருவுக்கு வரும்.

"இருநூறு படம். ஒவ்வொரு படத்தோட பேரா அடிச்சிட்டிருக்கேன். அவசரம்னா வேற எங்கயாவது போங்க!"

பின்னால் நின்றிருந்தவன் போகவில்லை. மூக்குக்கண்ணாடியில் மழைத்துளி… அதன் பின்னால் திட்டு வாங்கியும் கோபிக்காத பழுப்புக் கண்கள்.

"கையால எதுக்குங்க? என் நேரத்தையும் நீங்களே எடுத்துக்குங்க. நான் வெஸ்லி."

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தான். கடைசியில் ஒரு அம்புக்குறி, ஒரு ஃபைல் பெயர். முதல் ஃபோல்டரின் நூறு படங்களின் பெயர்களும் டெக்ஸ்ட் ஃபைலாக வந்து நின்றன.

ஜோலீனுக்கு முகம் எரிந்தது. வீட்டிலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். மற்றவர்கள் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்த வீடு, எந்தச் சுவர் என்று எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மணி மூன்று.

"ரெண்டாவது ஃபோல்டருக்கு நான்…"

"ஒரு தடவ பார்த்தா போதும். நான் மக்கு இல்ல."

அவளே அடித்தாள். அதே வரி, அதே ஃபைல் பெயர், ஒற்றை அம்புக்குறி. திறந்து பார்த்தாள். புதுப் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. எழுதிய குறிப்பு ஒன்றுகூட இல்லை…

"ஒத்த அம்பு பழசை அழிச்சிடும். ரெட்டை போட்டாதான் கீழ சேரும். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"நான் எங்க சொல்ல விட்டேன்?" என்றாள் ஜோலீன்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். முதல் ஃபோல்டரின் பெயர்களை ரெட்டை அம்பில் கீழே சேர்த்தான். "சொல்லுங்க. நான் வேகமா அடிப்பேன்."

"மூணாம் மாடி… குழந்தை தூங்குற கட்டிலுக்குப் பின்னால… கறுத்த சுவர்…"

சொல்லச் சொல்ல அடித்தான். ஒரு இடத்தில் அவன் விரல்கள் நின்றன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குள் ஏதோ இளகியது…

மூன்று ஐம்பத்தாறுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

"நான் கிளம்பறேங்க…"

"உக்காருங்க! எனக்கு உதவி கேக்கத் தெரியாது. கேட்டா சிரிப்பாங்கன்னு பயம். பயந்தா கத்துவேன். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு!"

நூலகமே திரும்பிப் பார்த்தது.

வெஸ்லி காதுவரை சிவந்தான். "இன்னொரு தடவ… கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா?"

சொன்னாள்.