சவர்க்காரம் பூசாத கண்ணாடி

"வசந்தி, ஹெல்மெற் கண்ணாடிக்குச் சவர்க்காரம் பூசினனீரே?"

"ஓம், பூசிட்டன்."

"பனி கொட்டுது. மூச்சுப் பட்டு உள்ளுக்கை மூடிச்சுதெண்டால் எனக்கு றோட்டுத் தெரியாது."

"அப்ப மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுங்கோவன்."

"அடக்கினால் உம்மோடை கொழுவிச் சண்டை பிடிக்கிறது ஆர்?"

கோகுலன் சிரித்துக்கொண்டுதான் போனான். காய்ந்த சவர்க்காரக் கட்டியைக் கண்ணாடியின் உட்புறம் தேய்த்து, பழைய வேட்டித் துண்டால் மினுங்கத் துடைத்துக் கொடுப்பது, கல்யாணமான நாள் முதல் வசந்தினியின் வேலை. அன்று அவள் அதைத் தொடவேயில்லை. பின்னால் இருப்பவருக்கென அவன் வைத்திருந்த சின்ன ஹெல்மெற்றின் பஞ்சில், செம்பட்டைச் சாயம் போட்ட நீள முடியொன்றை முந்தின நாள்தான் கண்டிருந்தாள். வட்டுக்கோட்டையில் வேலை என்று அவன் போகும் வீட்டில் எவள் இருக்கிறாள் என்று அவள் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய ஒரேயொரு சொல் தொண்டை வரை வந்து நின்றது. ரோஷம் அதை விடவில்லை. கண்ணாடி மூடினால் வழி தெரியாமல் வீட்டுக்குத் திரும்பி வருவான் என்றுதான் நினைத்தாள்.

புத்தூர் வளைவில் நிறுத்தியிருந்த உழவு இயந்திரப் பெட்டியை அவன் காணவேயில்லை.

அவன் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று, கீரிமலையில் அவனுடைய குடை, செருப்பு எல்லாம் ஐயருக்குத் தானமாகப் போயின. ஹெல்மெற்றை மட்டும் வசந்தினி அலுமாரிக்குள் ஒளித்துவிட்டாள். அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறவர்களுக்குத் தன் பொய் தெரிந்துவிடும் என்று பயம்.

மாதங்கள் கழிந்து, இன்று அவளுடைய ஹெல்மெற்றின் கொளுக்கி உடைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஆறரைக்கு வேலைக்கு நிற்க வேண்டும். அலுமாரியைத் திறந்து அவனுடையதை எடுத்தாள். மூன்று தடவை சவர்க்காரம் பூசி, மூன்று தடவை துடைத்தாள்.

படலையைத் தாண்டும்போதே ஸ்கூட்டியின் பின்பக்கம் பாரமாக இருந்தது. ரயரில் காற்றுக் குறைவாக்கும் என்று நினைத்தாள். தைமாதப் பனி தெருவை இரண்டு பக்கமும் விழுங்கியிருந்தது; வெங்காயத் தோட்டங்களின் ஈர மண் வாசமும் யாரோ எரித்த பனையோலையின் புகையும் ஹெல்மெற்றுக்குள் நுழைய, அவற்றுக்கு அடியிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்ரீயின் மணம் மெல்ல மெல்ல எழுந்து வந்தது. அவள் இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லை. விடியவே இஞ்சி போட்டுக் குடிக்கிறவன் கோகுலன்.

கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை படர்ந்தது.

புத்தூர் வளைவுக்குக் கிட்ட ஸ்கூட்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமலே காலை ஊன்றினாள். கண்ணாடியைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. நாடிக்குக் கீழே வார் இறுகியிருந்தது. விரல்கள் வழுக்கின.

மூச்சை அடக்கினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

வெள்ளை கூடியது. கொஞ்சம் வற்றியது. மறுபடியும் கூடியது. ஒரு மூச்சின் அளவில். அவளுடையதல்லாத மூச்சு.

"பூசினனீரே?"

காதுக்குள்ளேயே கேட்டது. கோபமில்லாத குரல்.

"இல்லை," என்றாள். அழுகை வெடித்தது. "பூசேல்லை. பொய் சொன்னனான்."

மூச்சு நின்றது.

பின் இருக்கை மெல்ல உயர்ந்தது. பாரம் இறங்கிவிட்டது. கண்ணாடி நடுவிலிருந்து தெளிந்தது. பனிக்குள் ஓர் ஆணின் முதுகு தெரிந்தது. அது வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வட்டுக்கோட்டைக்குப் போகிறவன் போல, பட்டணத்துப் பக்கம் நடந்தது. செத்த பிறகும் அங்கேதான்.

அவளுக்குப் பயம் போய்விட்டது. நெஞ்சு மட்டும் எரிந்தது. அத்தனை மாதமும் தொண்டையில் நின்ற சொல் தானாகவே வெளியே வந்தது.

"போகாதேங்கோ... என்னோடை இருங்கோ!"

முதுகு நின்றது.

பின் இருக்கை தாழ்ந்தது. கண்ணாடி முழுவதும் வெள்ளையானது. கைப்பிடியில் இருந்த அவளுடைய கைக்கு மேல் குளிர்ந்த கையொன்று படிந்து, அக்சிலேற்றரை மெல்ல முறுக்கியது.