புகார் எண் நூற்றுப் பதினாலு

கோட்டையூர் பெரிய வீட்டு வாசலில் அம்பாசடர் கார் வந்து நின்றபோது காலை மணி பத்தரை. அதிலிருந்து நாட்டின் கணினிப் பாதுகாப்பு இறங்கியது. அதற்கு நாற்பத்தைந்து வயது, அளவான தொந்தி, அழகுசுந்தரம் என்று பெயர். கையில் ஒரு சூட்கேஸ், சீல் வைக்க அரக்கு, இன்னும் எழுதாத நோட்டு ஒன்று. டெல்லியில் புதிதாக வைத்திருந்த தேசியக் கணினி அவசரக் குழுவில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் தலைவர்கள்தான். வேலை செய்ய இனிமேல்தான் ஆள் எடுக்க வேண்டும்.

ஃபெலிக்ஸ் ஓடிப்போய் சூட்கேஸை வாங்கிக்கொண்டான். அரசாங்கம் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டில்தான் தகவல் மையம் இருந்தது. அவன் அங்கே தற்காலிக ஆபரேட்டர். தற்காலிகமாகவே ஐந்து வருடம் ஓடிவிட்டது. நிரந்தர உத்தரவு இந்த மாதம், 1998 டிசம்பரில், வரவிருந்தது.

கம்ப்யூட்டர் அறை வீட்டின் உட்பகுதியில், இரண்டாம் கட்டில் இருந்தது. ஒரு காலத்தில் பாத்திரம் பண்டம் வைத்த அறை. ஜன்னல் கிடையாது. ஏசி இரவும் பகலும் சொட்டி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எப்போதும் ஈரம் மினுங்கும். உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று இலாகா கண்டிப்பாக எழுதி ஒட்டியிருந்தது. மனிதர்களுக்கு எது ஆகாது என்று எதுவும் ஒட்டவில்லை.

அவனுக்கு முன்னால் இந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் பொன்னழகு; ஃபெலிக்ஸ் அப்போது முகப்பு மேஜையில் இருந்தான். கம்ப்யூட்டர் வைத்த இரும்பு அலமாரியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அவர் எழுதாத ஆபீஸ் இல்லை. கடைசியில், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, டெல்லிக் குழுவுக்கே மின்னஞ்சல் போட்டார். “எர்த் சரியில்லை. தொட்டால் அடிக்கிறது. ஆள் அனுப்புங்கள்.” மறுநாளே பதில் வந்தது. புகார் எண் 114. தீவிரம்: குறைவு. மின்சாரம் எங்கள் வரம்பில் வராது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், அந்த அலமாரியில் கை வைத்தபடியே பொன்னழகு செத்துக் கிடந்தார். மராமத்து இலாகா வந்து பார்த்தது. கம்ப்யூட்டர் தங்கள் பொருள் இல்லை என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனது.

அவர் செத்த பதினாறாம் நாள் முதல், தினமும் பதினொன்று பத்துக்குப் பொன்னழகின் பெயரில் யாரோ உள்ளே நுழைந்து அதே மூன்று வரியை டெல்லிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். குழு நான்கே மாதத்தில் துள்ளி எழுந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஷாக் அடித்தால் தீவிரம் குறைவு. செத்தவன் பெயரை யாரோ பயன்படுத்தினால் அதிதீவிரம். கையேட்டில் அப்படித்தான் இருந்தது.

அழகுசுந்தரம் கையேட்டின்படி வேலையை ஆரம்பித்தார். முதலில் மோடம் வயரைப் பிடுங்கினார். நேரத்தைக் குறித்தார். பொன்னழகின் கணக்கை நீக்கச் சொன்னார். நேரத்தைக் குறித்தார். தும்மினார். அதையும் குறித்தாரோ என்னவோ.

“முடிஞ்சது தம்பி. இனி எவனும் வர முடியாது” என்றார்.

மணி பதினொன்று பத்து.

ஏசியின் சொட்டு நின்றது.

முடி கருகுகிற வாசனை வந்தது. மிக மெல்லிசாக, யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப்போல.

கீபோர்டில் ஒரு எழுத்து கீழே இறங்கி மேலே வந்தது. அப்புறம் இன்னொன்று. ஒற்றை விரலால் தேடித்தேடி அடிக்கிற வேகம். பொன்னழகு அப்படித்தான் அடிப்பார்.

எர்த் சரியில்லை. தொட்டால் அடிக்கிறது. ஆள் அனுப்புங்கள்.

“சார்,” ஃபெலிக்ஸ் கிசுகிசுத்தான், “கீபோர்டு தானா அமுங்குது.”

“அமுங்கல. எவனோ புரோகிராம் எழுதி வச்சிருக்கான்.”

“கண்ணால பாத்தீகள்ல சார்?”

“நான் பாத்தது முக்கியமில்ல தம்பி. நோட்டுல எழுதுறதுதான் முக்கியம்.” அவர் நெற்றி வியர்த்திருந்தது. ஏசி அறையில் ஏன் வியர்க்கிறது என்பதைக் குறிக்கக் கையேட்டில் கட்டம் இல்லை. “அலமாரிக்குள்ள பின்பக்கம் டேப் டிரைவ் இருக்குல்ல? கதவைப் பிடிச்சுக்கிட்டு கையை உள்ள விட்டு இந்த டேப்பை மாட்டு. எல்லாத்தையும் நகல் எடுக்கணும்.”

ஃபெலிக்ஸின் வெறுங்கால் ஈரத்தில் சில்லிட்டது. அந்த அலமாரியை அவன் இதுவரை தொட்டதே இல்லை. மர நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே நான்கு மாதம் வேலை பார்த்தவன்.

“மெயினை இறக்கிட்டு மாட்டுறேன் சார்.”

“இறக்கினா மெமரில இருக்குற சாட்சி அழிஞ்சிரும். கையேடு, பக்கம் ஒம்பது.”

“செருப்பாவது போட்டுக்கிறேன்.”

“தூசி!”

“அப்ப என்னால முடியாது சார்.”

அழகுசுந்தரம் பேனாவை மூடினார். “பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆள் நீ. பக்கத்துலயே இருந்த ஆள் நீ. இப்ப ஒத்துழைக்காத ஆளும் நீ. அந்த ஹேக்கரே நீதான்னு டெல்லிக்கு எழுதப் போறேன். உத்தரவு வராது, போலீஸ் வரும்.”

சொன்னபடி முகப்புக்குப் போய் அங்கேயே எழுதி, ஃபேக்ஸும் அனுப்பினார். வாட்ச்மேன் கோட்டைச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

“தம்பி, அந்த ஆளு உம் பேரத்தான் எழுதி அனுப்பிக்கிட்டு இருக்காரு. செருப்பை இங்கன விட்டாரு, புத்திய டெல்லியிலயே விட்டுட்டாருபோல.”

ஃபெலிக்ஸ் யோசிக்கவில்லை. பெயர் போய்விட்டது, உயிராவது மிஞ்சட்டும் என்று அந்த அறையின் மெயினை இறக்கினான். யுபிஎஸ்ஸை அணைத்தான். கம்ப்யூட்டரின் வயரையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். அறை இருண்டது.

திரை மட்டும் இருளவில்லை.

பச்சை எழுத்தில் மூன்று வரி, அசையாமல்.

அழகுசுந்தரம் கத்திக்கொண்டே நுழைந்தார். “யாரைக் கேட்டு அணைச்ச? சாட்சியை அழிச்ச குத்தம் தனி, தெரியும்ல?” திரையைப் பார்த்ததும் குரல் குழைந்தது. “அட, இருக்கே! பத்திரமா இருக்கே!”

“சார், தொடாதீக.”

“நீ இறக்கினது வேற எதையோ. இதுல கரண்ட் ஓடுது பாரு.”

“சார், வயரு என் கையில இருக்கு.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு, வெறுங்காலுடன் ஈரத்தில் நடந்து போய், அலமாரிக் கதவைப் பிடித்தார்.

சத்தம் வரவில்லை.

அவர் உடம்பு மட்டும் விறைத்து நின்றது. யாரோ கையைப் பிடித்துக் குலுக்கி, விட மனமில்லாமல் வைத்திருப்பதைப்போல. ஃபெலிக்ஸ் மர நாற்காலியைத் தூக்கி அவரை இடித்துத் தள்ளினான். விழுந்தார். உள்ளங்கை கரியாக இருந்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், “கரண்ட் இருந்துச்சா?”

“இல்ல சார்.”

“அப்ப ஷாக் எப்படி அடிக்கும்?” செத்த காரணம் மாரடைப்பு என்று எழுதினார். உள்ளங்கையைத் துணியால் மூடினார்.

மறுநாள் காலை போலீஸ்காரர் ஒருவர் வந்து கம்ப்யூட்டர் அறையைப் பூட்டினார். அழகுசுந்தரம் கொண்டுவந்த அரக்கையே உருக்கிச் சீல் வைத்தார். பதினொரு மணிக்கு ஃபேக்ஸ் கரகரத்தது. கோட்டைச்சாமி தாளைக் கிழித்துக் கொண்டுவந்தார்.

“என்ன போட்டிருக்காக?”

ஃபெலிக்ஸ் படித்தான். மறைந்த தலைவரின் அறிக்கைப்படி சந்தேக நபர்: ஃபெலிக்ஸ். மூவர் கொண்ட உயர்மட்டக் குழு நாளைக் காலை ரயிலில் வருகிறது. மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, குழுவின் முன்னிலையில், சந்தேக நபர் தன் கையாலேயே டேப்பை மாட்டி நகல் எடுத்துத் தர வேண்டும். மறுத்தால் கைது. அஞ்சலி, ஆழ்ந்த இரங்கல் எதுவும் இல்லை. அதற்கு வேறு பிரிவு.

“ஓடிரு தம்பி” என்றார் கோட்டைச்சாமி.

“ஓடினா நான்தான்னு ஆயிரும்ணே.”

பூட்டிய அறைக்குள் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

ஒற்றை விரல். தேடித்தேடி.

கதவில் பதித்திருந்த சிறிய கண்ணாடி வழியாக ஃபெலிக்ஸ் எட்டிப் பார்த்தான். பிடுங்கிய வயர்கள் தரையில் கிடந்தன. நாற்காலி கவிழ்ந்தே கிடந்தது. திரையில் நேற்றைய மூன்று வரியைக் காணோம். புதிதாக வேறு மூன்று வரி, எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருந்தது.

ஆள் வந்தார். ஒருவர் பத்தாது. இன்னும் அனுப்புங்கள்.