கறுப்புக் கிண்ணச் சால்வியாவை வெட்டிய கை

"வெட்டினது யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுங்க, போதும்!"

தையற்காரம்மா மேசையில் குத்திய குத்தில் துப்பறிவாளரின் தேநீர் தளும்பியது. ஏழு வருடம் விதை பொறுக்கி, நிறம் பார்த்து, அவள் உருவாக்கிய சால்வியாப் பூச்செடி. இதழ்களைத் தாங்கும் கறுப்புக் கிண்ணத்தில் வெள்ளைப் பூ. வேறு எந்தத் தோட்டத்திலும் கிடையாது. அடுத்த பருவத்து மலர்க் கண்காட்சியில் அவள் பெயரோடு அறிமுகமாக வேண்டியது. இன்று காலை கடைவீதிக்குப் போய் வருவதற்குள் அத்தனை செடிகளும் வெட்டுப்பட்டுக் கிடந்தன.

"பக்கத்து வீட்டு மெக்கானிக்! பூவுக்கு வர்ற தேனீ அவன் பொண்ணைக் கொட்டுதாம். வெட்டி எறிவேன்னு போன வாரம்தான் கத்தினான்."

"கேஸ் முடிஞ்சுது மாமா!" என்று துள்ளி எழுந்தார் துப்பறிவாளரின் மச்சான்.

"உன் வேகத்துக்கு நான் கடையை மூடிடலாம். செருப்பைப் போடு, தோட்டத்தைப் பார்ப்போம்."

தோட்டத்தில் துப்பறிவாளர் குந்தி உட்கார்ந்து குப்பையைக் கிளறினார். பூக்கதிர்கள், முற்றிய தண்டுகள், உருவிப் போட்ட ஒற்றை இலைகள். அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இளங்கிளை ஒண்ணுகூடக் காணோமே, கவனிச்சீங்களாம்மா?"

அவள் கவனிக்கவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்திருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு நர்சரிக்காரர் ஓடி வந்தார். அவளுக்கு முதல் விதை கொடுத்தவர்; அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மெக்கானிக்கை மச்சான் இழுத்து வந்தார். துப்பறிவாளர் ஓரத்தில் இருந்த சாதாரணச் சிவப்புச் சால்வியாவைக் காட்டி, கத்தரிக்கோலை நீட்டினார்.

"ஆளுக்கு ஒரு கிளை வெட்டிக் கொடுங்க."

மெக்கானிக் நடுத்தண்டில் நறுக்கென்று வெட்டி நீட்டினான். நர்சரிக்காரர் இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டினார். கைப்பழக்கத்தில் கீழ் இலைகளை உருவினார், நுனிப் பூவைக் கிள்ளி எறிந்தார். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"கிளையை நட்டு வளர்க்கறதுக்கு இப்படித்தான் தயார் பண்ணணும், இல்லையா?" என்றார் துப்பறிவாளர். "இந்தக் குப்பையிலும் இதேதான் கிடக்கு. கோபத்துல வெட்டுறவன் இலையை உருவிக்கிட்டு இருப்பானா? இளங்கிளையை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை அழிக்கப் பார்த்தீங்க. ஆனா பழகின கை! ஒவ்வொரு கட்டையையும் துளிர் வர்ற இடத்துக்கு மேலதான் வெட்டியிருக்கு. வேரோட பிடுங்கியிருந்தா தப்பிச்சிருப்பீங்க."

"முப்பது வருஷமா நர்சரி நடத்துறேன்," நர்சரிக்காரர் முனகினார். "என் பேர்ல ஒரு பூ இல்லையேம்மா..."

"அதுக்கு? என் ஏழு வருஷத்தை அறுத்துக்குவீங்களா?"

"நான்தான்னு சொன்னீங்களே!" என்று பாய்ந்தான் மெக்கானிக்.

"வெட்டுவேன்னு கத்தினது நீதானே? உங்கிட்ட அப்புறம் மன்னிப்புக் கேக்கறேன், இப்ப கோபமா இருக்கேன்!" அவள் நர்சரிக்காரர் பக்கம் திரும்பினாள். "எத்தனை நட்டீங்க?"

"நாப்பது தொட்டி. இப்பவே வண்டியில ஏத்தி..."

"வண்டி கிடையாது. ஒவ்வொரு தொட்டியா, கையில தூக்கிட்டு, கடைவீதி வழியா வரணும். யார் செடின்னு கேக்கறவங்களுக்கெல்லாம் என் பேரைச் சொல்லணும்."

"நாப்பது நடையாம்மா?"

தையற்காரம்மா வாசல் கதவை விரியத் திறந்தாள்.

"வெயில் ஏறுது. கிளம்புங்க."