முறிக்காத பத்தியம்

கார்த்திகை மாதத்து மூடுபனியில் கொடைக்கானல் ஏரி இருந்த இடமே தெரியவில்லை. அந்தக் குளிரில் நனைந்த சேலையோடு குருநாதனின் வீட்டு வாசலில் வந்து நின்றாள் சண்முகசுந்தரி. பெரும்பாறையில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த திருமலைச்சாமியின் மனைவி அவள். அவர் இறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

"எங்கண்ணன் வேலுமணிய போலீஸ்ல பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவருதான் எம் புருசனக் குத்திக் கொன்னாருங்கிறாக. தாலியும் போச்சு, இப்ப கூடப் பொறந்தவரும் போயிருவாரு போலிருக்குங்க."

"அண்ணன் குத்தலைன்னு நீ எப்படிம்மா சொல்ற?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "முன்ன ஒருக்கா குத்தினவருதாங்க. கல்யாணமான புதுசுல வரப்புச் சண்டை. வயித்துல குத்திட்டு ஜெயிலுக்கும் போனாரு. பெறகு ரெண்டு பேரும் உசுரா ஆகிட்டாக. இப்பப் பாத்தா, அதே எடத்துல காயமுங்க."

குருநாதன் போர்க்காலத்தில் பர்மாவில் ராணுவ ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்; பிறகு போலீஸில் சேர்ந்து ஓய்வு பெற்றவர். அவசரம் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஜீப் டிரைவர் பிச்சை முகம்மது இருந்தார். "வெரசாக் கெளம்புங்கய்யா, மழையில தடயமெல்லாம் கரைஞ்சிரும்" என்று அதற்குள் ஜீப்பைக் கிளப்பிவிட்டார்.

தோட்டத்தில் கமலா ஆரஞ்சு பழுத்து உதிர்ந்து கிடந்தது. பறிக்க யாருக்கும் மனமில்லை. திருமலைச்சாமி இறந்து கிடந்த பழக்கொட்டகையில் சப்-இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"நேத்து சாயங்காலம் வேலுமணி இங்க வந்திருக்கான். சண்டை போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கு. எதுக்குன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறான். செத்தவர் கால் பூராவும் கன்னிப் போயிருக்கு. அடிச்சுப் போட்டுட்டுக் குத்தியிருக்கான். கத்திதான் கெடைக்கலை."

குருநாதன் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பாதி உரித்த ஆரஞ்சு ஒன்று சுவரோரம் நசுங்கிக் கிடந்தது. பிறகு செத்தவரின் பனியனை வாங்கி, பிச்சை முகம்மதுவிடம் கொடுத்தார்.

"நல்லாப் பாரு. என்ன இல்லை?"

ரத்தம் காய்ந்து விறைத்த துணியைப் பிச்சை முகம்மது வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அய்யா, ஓட்டையே இல்லீங்க!"

"குத்து வாங்குறவன் பனியனைத் தூக்கிக் காட்டிக்கிட்டா நிப்பான்?"

குருநாதன் சண்முகசுந்தரியோடு வீட்டு அடுக்களைக்குப் போனார். அங்கே ஒரு சின்னச் சட்டி மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இது யாருக்கும்மா?"

"அவருக்குங்க. பத்தியச் சட்டி." வயிற்று வலிக்காகச் சித்திரையில் பழனி வைத்தியர் மருந்து கொடுத்ததைச் சொன்னாள். புளி கூடாது, காய் கூடாது, கீரை கூடாது, பழம் கூடவே கூடாது. கஞ்சியும் காய்ச்சின பாலும்தான்.

"ஒரு மண்டலத்துல முடிஞ்சிருக்குமே?"

"நானே வந்துதான் முறிச்சு வைப்பேன், அதுவரைக்கும் தொடப்படாதுன்னாரு. வைகாசியில அவரே செத்துப் போனாரு. முறிச்சு வைக்க ஆளில்லாம நாமளா முறிச்சா மருந்து விஷமாயிருமுங்க. அதனால ஒரு நாளு தப்பாம நானே பாத்துப் பாத்து ஆக்கிப் போட்டேன்."

அவள் அதைப் பெருமையாகவே சொன்னாள். குருநாதனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரியில், அறுப்பதற்கு முன்பு, பிணத்தின் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னார். ஈறுகள் வீங்கிக் கறுத்திருந்தன. டாக்டரின் விரல் பட்டதும் ஒரு பல் ஆடியது. காலில் மயிர்க்கால் தோறும் ரத்தப்புள்ளி.

"ஸ்கர்வி," என்றார் டாக்டர் மெதுவாக.

"ஆரஞ்சுத் தோட்டத்துக்காரருக்கா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

வராந்தாவில் எல்லோரையும் உட்கார வைத்துக் குருநாதன் விளக்கினார். வேலுமணியும் விலங்கோடு இருந்தான். "பழத்துலயும் கீரையிலயும் வைட்டமின் சி இருக்கு. சதையச் சதையோட பிடிச்சு வைக்கிற பசை ஊறணும்னா அது வேணும். ஆறின தழும்புக்கும் அது ஓயாம வேணும். மாசக்கணக்கா இல்லைன்னா ஈறு கசியும், கால் தானா கன்னும், கடைசியில பழைய காயம் வாய் தெறந்துரும். பர்மாவுல பட்டினி கெடந்த சிப்பாய்கள்கிட்ட இதைக் கண்ணால பாத்தேன். குத்தினது வேலுமணிதான், ஆனா அந்தக் காலத்துல. இப்ப யாரும் குத்தலை."

விலங்கைக் கழற்றினார்கள். வேலுமணி தங்கையின் பக்கம் திரும்பவில்லை.

அவளே பேசினாள். "அந்தச் சத்தம் எதுக்குன்னு நான் சொல்லலைங்க. அண்ணன் ஒரு பழத்தை உரிச்சு அவரு வாயில வச்சாரு. நான் ஓடி வந்து தட்டி விட்டேன். ஒதட்டுல பட்ட அந்தச் சாறுதான் விஷமாகி அவரக் கொன்னுருச்சுன்னு நெனச்சேன். சொன்னா அண்ணன் மேல பழி வந்துருமேன்னு மறைச்சேன்."

"நீ அப்படித்தான் நெனைப்பேன்னு எனக்குத் தெரியும்மா. அதான் நானும் வாயத் தெறக்கலை," என்றான் வேலுமணி.

"அந்த ஒரு பழத்துல அவரு பொழைச்சிருப்பாராங்க?"

"இல்லம்மா. அதுக்குள்ள முத்திருச்சு." குருநாதன் சொன்னது உண்மைதான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆவணியில ஒருக்கா, ஒரே ஒரு சொளை குடுன்னு கெஞ்சினாருங்க. அப்ப இருந்து குடுத்திருந்தா?"

பிச்சை முகம்மது எழுந்து வெளியே போய்விட்டார். குருநாதனுக்கு அதற்கும் பதில் தெரியும். அவர் சொல்லவில்லை.