நூற்றைந்தில் நின்ற முள்

"நூத்தியஞ்சு காட்டுது, மஞ்சுளா!"

"நூத்தியஞ்சு டிகிரி தானே சார்? செவப்புக் கோடு நூத்திப் பதினெட்டுல கீது. இந்த வெயிலுக்கு ஆயில் அவ்ளோ சூடாவறது சகஜம்தான். இன்னாத்துக்குப் பதர்றீங்க?"

"எறங்கணும்! உடனே எறங்கணும்!"

"ரன்வேல நெல்லு காயப் போட்டுக்கினு கீறாங்க சார். வாரி முடிக்கட்டும்... கொஞ்சம் சுத்துங்க."

மஞ்சுளா ரேடியோ பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

ரன்வேயில் ஒரு நெல்மணிகூட இல்லை! பழுப்பு மண் தரை; அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் நெல்லா மண்ணா என்று தெரியாது.

சாலவாக்கம் ஏரியை ஒட்டிய அந்தச் சின்ன விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அவள்தான் மெக்கானிக். மேலே தனியாக வட்டமடித்துக் கொண்டிருந்தவன் முதலாளி பிரேம்நாத். அவளருகே, செல்போனில் எல்லாவற்றையும் பதிவு செய்தபடி போலீஸ் இன்ஸ்பெக்டர் ஐசக்.

"இன்னாம்மா இது? சகஜம்னு நீயே சொல்ற... அந்தாளு ஏன் இப்டி அலர்றாரு?"

"அதைக் கேக்கத்தான் உங்களைக் கூப்ட்டேன் சார்."

போன மாதம் அவள் தம்பி சுகுமார் ஓட்டிய விமானம் காவாந்தண்டலம் வயலில் விழுந்தது. ஆயில் கொதித்து, இன்ஜின் இறுகி... சுகுமாரோடு மொத்தமும் கரி!

விசாரணையில் பிரேம்நாத் சொன்னான்: "முள்ளு செவப்பைத் தொட்டும் பையன் எறங்கல. திமிரு!"

மஞ்சுளா அழவில்லை. மிச்சமிருந்த இன்னொரு விமானத்தின் ஆயில் சென்சாரைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.

தண்ணீர் நூறு டிகிரி. முள் காட்டியதோ...

எழுபது!

மீட்டருக்குப் பின்னால், ஒயரில் யாரோ பற்றவைத்த பொடி ரெசிஸ்டர். அதைக் கொண்டுபோய்க் காட்டினால், மெக்கானிக் தலையில்தான் விடியும். வைத்தவன் வாயாலேயே வர வேண்டும்!

ரேடியோ அலறியது.

"இன்ஜின் இறுகப் போவுது! நெல்லு மேலயே எறங்கிடுவேன்!"

"நூத்தியஞ்சுக்கா சார்?"

"அது நூத்தியஞ்சு இல்லடி! முப்பது கூட்டிக்கோ! நூத்தி முப்பத்தஞ்சு!"

"முப்பதா? உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நான்தான் ஒயர்ல ரெசிஸ்டர் வெச்சேன்! கூலர் அடைச்சிக்கினு ரெண்டு ப்ளேனும் சூடேறுச்சு... நிறுத்தினா ஸ்கூலையே மூடணும். கொறைச்சுக் காட்டட்டும்னு வெச்சேன்!"

"சுகுமார் ப்ளேன்லயுமா?"

"அதுலயும்தான்! அவன் முள்ளு செவப்பைத் தொடவே இல்ல... போதுமா? வழி வுடு!"

ஐசக்கின் புருவம் உயர்ந்தது.

மஞ்சுளாவின் கண்கள் முதல்முறையாக நிறைந்தன.

"உங்க ரெசிஸ்டரை நேத்தே கழட்டிட்டேன், கூலரையும் கழுவிட்டேன் சார். இப்ப முள்ளு நெசத்தைத்தான் சொல்லுது. நூத்தியஞ்சுன்னா நூத்தியஞ்சுதான்! அதை வெக்காதவன் இந்நேரம் பாட்டுப் பாடிக்கினு வந்து எறங்கியிருப்பான்..."

மேலே இன்ஜின் சீராக உறுமியது.

ஐசக் மைக்கை வாங்கினார்.

"சார், எங்க ஜீப்ல எந்த முள்ளும் வேலை செய்யாது... எவ்ளோ சூடானாலும் நிம்மதியா வரலாம். கொஞ்சம் எறங்கி வர்றீங்களா?"