அட்டை வைக்காத ஜோடி

இடுப்புக்குக் கீழே வலப்பக்கம், நரம்பை யாரோ பிடித்து முறுக்குவதுபோல வலித்தது. சோலைமுத்து குனியாமல் முழங்காலை மட்டும் மடக்கி, தரையில் கிடந்த டேப்பை எடுத்தான். நிமிரும்போது மூக்கில் ஒரு வாசனை ஏறியது. ஈரக் களிமண். தண்ணீர் பாட்டிலைக்கூட உள்ளே விடாத அறையில் களிமண் வாசனை.

வெளியே அல் கூஸ் தொழிற்பேட்டையில் வெள்ளிக்கிழமை மதிய வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஓவியங்களை வைக்கும் இந்தக் கிடங்கில் ஜன்னல் கிடையாது. ஏசி நிற்கவே நிற்காது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை. கண்காட்சி முடிந்துவிட்டது. ஜப்பானிய சுமோ மல்லர்களின் பழைய படங்கள், மரக்கட்டையில் செதுக்கி மை தடவிக் காகிதத்தில் ஒற்றியெடுத்தவை, பெட்டிக்குள் ஏறவேண்டும். இரண்டு மல்லர்களும் இரு முஷ்டிகளையும் தரையில் ஊன்றிய நொடியில் ஆட்டம் தொடங்கிவிடும் என்று கண்காட்சிப் பலகையில் எழுதியிருந்தது.

காலையில் அருள்ராஜ் ஒரு மல்லனின் தொப்பையைக் காட்டிச் சிரித்தான். "பாருண்ணே, இவன் ஒருத்தன வேலைக்குச் சேத்தா ஃபோர்க்லிஃப்ட்ட வித்துரலாம். இவனுக்கெல்லாம் முதுகு வலிக்கும்ங்கிற?"

"வாய மூடுடா. சார் காதுல விழுந்துச்சுன்னா இவனுங்களோட சேத்து என்னையும் பேக் பண்ணிருவாரு."

பாதிதான் விளையாட்டு. விசா புதுப்பிக்கிற நேரம். முதுகு போனவன் என்று தெரிந்தால் கம்பெனி டிக்கெட் போட்டு அனுப்பிவிடும். விஷயம் அருள்ராஜுக்கு மட்டும் தெரியும். கனமானதையெல்லாம் அவனே தூக்கிவிடுவான். இப்போது லாரியைப் பார்க்கக் கேட்டுக்குப் போயிருந்தான்.

பிரேம்களை நிறுத்த ஒரு முறை இருக்கிறது. முதுகோடு முதுகு, முகத்தோடு முகம்; அப்போதுதான் பின்பக்கக் கொக்கி அடுத்ததன் கண்ணாடியைக் கீறாது. முகங்கள் சேருமிடத்தில் நடுவே ஓர் அட்டை. அட்டை வெட்டுவதென்றால் தரையில் மண்டிபோட வேண்டும். கடைசி ஜோடிக்கு சோலைமுத்துவால் முடியவில்லை. நின்ற கோலத்தில் இருந்த இரண்டு மல்லர்களையும், நடுவில் ஒன்றுமில்லாமல், எதிரெதிரே சாத்தி வைத்துவிட்டான்.

வாசனை அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. களிமண்ணோடு இப்போது தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் கனத்த மணமும், நாள் முழுக்க வெயிலில் நின்றவன் சட்டையைக் கழற்றும்போது வரும் வியர்வை வீச்சமும் கலந்திருந்தன. ஏசியின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று மெதுவாகத் தரையை மிதித்தது. தம். நெடுநேரம் கழித்து, இன்னொரு பக்கமிருந்து, அதைவிடக் கனமாக, தம். உள்ளங்காலில் உணர்ந்தான். கம்ப்ரெசர் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். கம்ப்ரெசர் மூச்சு வாங்காது.

இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. சூப்பர்வைசர் கல்யாணசுந்தரம்.

"சோலை, உள்ள ஈரப்பதம் ஏறுதுன்னு இங்க காட்டுதே. என்னய்யா? ஆள் அனுப்பவா?"

அனுப்புங்க சார் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. ஆள் வந்தால் அட்டை இல்லாததைப் பார்ப்பான். ஏன் வெட்டவில்லை என்று கேட்பான். குனிந்து காட்டு என்பான்.

"ஒண்ணுமில்ல சார். கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு. மூடிட்டேன்."

"அப்ப சரி. வெளியிலேர்ந்து லாக் போட்டுடறேன், லாரி வந்ததும் எடுத்துக்கலாம். ஜல்தி முடி."

தூரத்தில் கதவு 'க்ளக்' என்றது.

இரண்டு பிரேம்களுக்கும் இடையில் கண்ணாடி உட்பக்கமாக வியர்த்திருந்தது. பிரித்துவிடலாம், ஒன்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்று தோன்றியது. பல்லைக் கடித்து முன்பிரேமைப் பிடித்து இழுத்தான். இழுத்த நொடியில் கனமான ஏதோ ஒன்று, சூடாக, அவன் முழங்கையை உரசிக்கொண்டு கடந்துபோனது.

கையில் இருந்த படத்தைத் திருப்பிப் பார்த்தான். நின்றுகொண்டிருந்த மல்லன் இப்போது நிற்கவில்லை. கால்களை அகட்டிக் குந்தியிருந்தான். இரண்டு முஷ்டிகளும் தரையில். கண்கள் மட்டும் மேலே, எதிராளி இருக்கவேண்டிய இடத்தில்.

சுவரோரப் படத்தில் யாரும் இல்லை. வெறும் காகிதம்.

சிமெண்ட் தரையில் பாதத் தடங்கள். ஈரமானவை. ஒவ்வொன்றும் தட்டு அகலம். அவனைச் சுற்றிக்கொண்டு நடைபாதையின் கதவுப்பக்கம் போயிருந்தன. அங்கே நின்றன.

அங்கே சுவரோரப் படத்து மல்லன் குந்தியிருந்தான். மை பூசிய வெள்ளை உடம்பு. கறுப்புக் கோடாக விளிம்பு. வயிறு ஏறி இறங்கியது. ஒரு முஷ்டி தரையில் ஊன்றியிருந்தது. மற்றது காற்றில், காத்து நின்றது.

அவன் பார்வை சோலைமுத்துவின் முகத்தில் இல்லை. கைகளில்.

சோலைமுத்து பின்னால் ஒரு அடி வைத்தான். முதுகு பிடித்துக்கொண்டது. பிரேம் நழுவிச் சுவரில் சாய்ந்தது. உடம்பு இரண்டாக மடிந்தது. வலது கை தரைக்குப் போனது. விரல்கள் விரியவில்லை, முஷ்டியாகவே ஊன்றியது. இடது கையை மேலேயே பிடித்திருந்தான்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணே, லாரி வந்துருச்சு. யல்லா யல்லா, சீக்கிரம். சாவி எடுத்துட்டு வரேன்."

"அருளு..." வாக்கிடாக்கியின் பட்டனை அழுத்த ஒரு கையும் காலியில்லை.

இடது கை இறங்கியது. இறக்கவில்லை; தானாக இறங்கியது. முஷ்டி தரையைத் தொட்டது.

எதிரே, காற்றில் நின்ற அந்த மற்ற முஷ்டியும் மெல்ல இறங்கியது.

நடுவில் புகுந்து பிரித்துவிட்ட ஆட்டம். அதற்கு ஈடாகச் சோலைமுத்து கொடுக்கவேண்டியது ஒரு மல்லுக்கட்டு.