நாற்காலிக்கு நாலு காலுறை

கொசுவின் வீட்டில் பகல் முழுக்க யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அப்பா கிசுகிசுப்பார். கொசு சைகை காட்டுவாள். குழாயின் வாயில்கூட ஒரு துணியைக் கட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் வாளியில் விழும் ஓசை கேட்கக் கூடாதாம்!

காரணம், அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். ஊர் தூங்கும்போது விழித்திருப்பார். ஊர் விழிக்கும்போது வீட்டுக்கு வந்து படுப்பார்.

படுப்பார், அவ்வளவுதான். தூக்கம் வருமா என்பது வேறு விஷயம்.

ஓயாமல் யார் காதருகிலாவது எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள் என்பதால் அப்பா வைத்த பெயர்தான் கொசு. அப்படிப்பட்டவளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம்! பள்ளிக்கு விடுமுறை வேறு. பகலெல்லாம் வீட்டில்தான் இருந்தாள்.

அதனால் வாய்க்குப் பதில் கைக்கு வேலை கொடுத்தாள். தைப்பாள், ஒட்டுவாள், வெட்டுவாள். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கடையில் எதுவும் வாங்க மாட்டாள். அவரவருக்கு என்ன பொருந்தும் என்று யோசித்து, தானே செய்து கொடுப்பாள். எப்போதும் பென்சிலைத் தொலைக்கும் தோழிக்குக் கழுத்தில் மாட்டும் பென்சில் உறை. ரொட்டிக் கடை வண்டி தள்ளும் அப்பாவுக்குச் சூட்டுத் தட்டுகளைப் பிடிக்கத் தடித்த கையுறை.

இப்போது அம்மாவின் பிறந்தநாள் வரப்போகிறது.

ஒரு நாள் காலை அம்மா வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கொசு செருப்பைக் கழற்றிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, உன் பொறந்தநாளுக்கு என்ன வேணும்?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "தூக்கம்டி. ஒரே ஒரு முழுத் தூக்கம்."

"அதைத் தவிர?"

"அதைத் தவிர ஒண்ணும் வேண்டாம்."

கொசு நகத்தைக் கடித்தாள். தூக்கத்தை எப்படித் தைப்பது? எதில் ஒட்டுவது?

யோசித்து யோசித்து, அப்பாவின் பழைய கறுப்புச் சட்டையை வெட்டினாள். உள்ளே பஞ்சு வைத்து, கண்ணை மறைத்துக் கட்டும் ஒரு பட்டை தைத்தாள். அதன் மேல் வெள்ளை நூலால் மூடிய இரண்டு கண்களும் நீளமான இமைமுடிகளும் போட்டாள். பிறந்தநாள்வரை பொறுக்க முடியவில்லை. அடுத்த நாளே அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

"அட, அழகா இருக்கே!" அம்மா அதைக் கட்டிக்கொண்டு படுத்தார். "நல்ல இருட்டு. இன்னைக்கு நான் தூங்கிடுவேன்னுதான் நினைக்கிறேன்."

கொசு கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் மூச்சு மெல்ல நீண்டது. அப்போது,

கிர்ர்ர்ர்ரீச்!

தலைக்கு மேலே மாடியில் எதுவோ தரையைத் தேய்த்தது. கொஞ்சம் அமைதி. மறுபடியும், கிர்ர்ர்ர்ரீச்!

அம்மா பட்டையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "கண்ணுக்கு இமை இருக்கு. காதுக்கு இல்லையே, என்ன பண்றது?"

"நான் போய்ச் சொல்லட்டுமா? நல்லா நாலு கேள்வி கேக்கறேன்!"

"வேண்டாம். அவங்க வீட்டுல அவங்க நடமாடத்தானே செய்வாங்க? புதுசா குடி வந்தவங்க. போய்ச் சண்டை போடாதே." சொல்லிவிட்டு அம்மா தலையணையைக் காதின் மேல் கவிழ்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அந்தச் சத்தம் ஓயவில்லை. வழக்கம்போல அம்மா நண்பகலுக்கு முன்பே எழுந்து, சமையலறையில் சுவரில் சாய்ந்தபடி நின்றார். தேநீர் கொதித்துப் பொங்கி வழிந்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

கொசு அடுப்பை அணைத்தாள். அப்பாவிடம் காதோடு சொன்னாள்: "அப்பா, மாடிக்குப் போய்ட்டு வரேன். சண்டை போட மாட்டேன். சும்மா பாத்துட்டு வரேன்."

அப்பா கொட்டாவி விட்டபடி தலையாட்டினார். அவர் இருட்டிலேயே எழுந்து ரொட்டி ஏற்றப் போகிறவர். அவருக்கும் தூக்கம் போதாது.

மாடி வீட்டின் கதவு திறந்தே இருந்தது. "யாரும்மா அது? உள்ள வா. எந்திரிச்சு வந்து கூப்பிட என்னால முடியாது" என்று ஒரு குரல் வந்தது.

உள்ளே ஒல்லியான ஒருவர், ஒரு மர நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காலில் கட்டு. நாற்காலியைத் தள்ளினார். கிர்ர்ர்ர்ரீச்! பிறகு அதன் மேல் சாய்ந்து ஓர் அடி வைத்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

கொசு அந்தக் காலையே பார்த்தாள்.

"கால்ல ஆபரேஷன்" என்றார் அவர். "கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்து பழகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஊனி நடக்கிற வாக்கர் கேட்டிருக்கேன். அது வர நாளாகுமாம். அதுவரைக்கும் இந்த நாற்காலிதான் எனக்குக் குதிரை."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க, மாமா?"

"தபால்காரன். தெருத்தெருவா நடந்தே காலம் போச்சு. இப்போ பாரு, இந்த ஜன்னல் எனக்குப் பக்கத்து ஊரு மாதிரி தூரமா இருக்கு." அவர் சிரித்தார். சிரிப்பும் களைத்துத்தான் இருந்தது. "நீ கீழ் வீடா? சத்தம் ரொம்பக் கேக்குதா?"

கொசு என்ன சொல்வாள்? ஆமாம் என்றால் அவர் நடப்பதை நிறுத்திவிடுவார். இல்லை என்றால் பொய்.

"கேக்குது மாமா" என்றாள் மெதுவாக. "ஆனா நீங்க நடக்காம இருக்காதீங்க. நாற்காலிக்கு நான் காலுறை தைச்சுத் தரேன்."

"நாற்காலிக்கா!"

"அதுக்கும் கால் இருக்கே, மாமா."

அவள் நூலால் நாற்காலிக் கால்களை அளந்துகொண்டு கீழே இறங்கினாள். பழைய கம்பளி ஒன்றை வெட்டி, இரட்டையாக மடித்து, சாயங்காலம்வரை தைத்தாள். தபால்காரர் மாமாவுக்காகவே ஒவ்வொரு காலுறையிலும் சிவப்பு நூலால் ஒரு சின்னக் கடித உறையும், அதன் மூலையில் தபால்தலையும் போட்டாள். கம்பளி தடிமன். ஊசி ஏற மறுத்தது. விரல் நுனியெல்லாம் எரிந்தது.

மறுநாள் நாலு கால்களுக்கும் மாட்டினாள். மாமா தபால்தலைகளைப் பார்த்துக் கடகடவென்று சிரித்தார். "என் நாற்காலி இனிமே வெளியூருக்கே போகும்போல இருக்கே!"

அவர் சொன்னது கொஞ்சம் பலித்துவிட்டது. அவர் சாய்ந்ததும் நாற்காலி சத்தமே இல்லாமல் விர்ரென்று முன்னால் ஓடியது. மாமா தடுமாறினார். கொசு பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தாள். நல்ல வேளை, பின்னால் கட்டில் இருந்தது. இருவரும் அதில் தொப்பென்று விழுந்தார்கள்.

மாமா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணும் ஆகலை. அழாதே கண்ணு" என்றார். ஆனால் கொசு அழுதுவிட்டாள். காலுறைகளைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். விரல்கள் வலித்தன. மேலே மறுபடியும் கிர்ர்ர்ரீச். கீழே அம்மாவின் கட்டில் ஒருமுறை முனகியது. அம்மா புரண்டு படுக்கிறார்.

யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றியது. தைத்ததையெல்லாம் குப்பையில் போட்டுவிடலாமா?

அப்போது வெளியே அப்பா தட்டுகளை அடுக்கும் ஓசை கேட்டது. கடையின் தள்ளுவண்டியில் காலி ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். கொசு கன்னத்தில் கையை வைத்தபடி சும்மா பார்த்தாள். அப்பா பிடியைத் தூக்கித் தள்ளினார். வண்டி ஓடியது. பிடியை இறக்கினார். வண்டி அசையாமல் நின்றது. மறுபடி தூக்கினார். ஓடியது. இறக்கினார். நின்றது.

கொசு எழுந்து ஓடிப்போய் வண்டிக்கு அடியில் தலையை விட்டாள். முன்னால் சக்கரங்கள். பின்னால் இரண்டு கட்டைக் கால்கள், அடியில் ரப்பர்.

"என்ன தேடறே? ரொட்டி எதுவும் மிச்சம் இல்லை" என்றார் அப்பா.

"அப்பா! முன்கால் ஓடணும், பின்கால் நிக்கணும். நான் நாலு காலையும் ஓட விட்டுட்டேன்! பழைய சைக்கிள் டியூப் துண்டு இருக்கா?"

அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் தேடி எடுத்துக் கொடுத்தார். டியூபை வெட்டும்போது கூடவே உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். ரப்பரில் ஊசி இறங்கவே இல்லை. அதனால் பின்கால் காலுறைகளின் அடியில் ரப்பரை ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். நடுவில் அப்பா இரண்டு முறை தூங்கி வழிந்தார். கொசு ஒரு முறை.

அம்மாவின் பிறந்தநாள் காலையில் இருவரும் மாடிக்குப் போனார்கள். இந்த முறை கொசு அவசரப்படவில்லை.

"மாமா, நீங்க கட்டில்லயே உக்காருங்க. முதல்ல நான்."

நாற்காலியின் முதுகைப் பிடித்து, தன் எடை முழுவதையும் போட்டுச் சாய்ந்தாள். அசையவில்லை. அப்பாவும் சாய்ந்து பார்த்தார். அசையவில்லை. பின்பக்கத்தை லேசாகத் தூக்கித் தள்ளினாள். முன்கால்கள் வழுக்கிக்கொண்டு போயின. இறக்கினாள். நின்றது.

"தூக்கு, தள்ளு, இறக்கு. அப்புறம்தான் அடி வைக்கணும், மாமா."

மாமா எழுந்தார். அப்பா பக்கத்திலேயே நின்றார். தூக்கு, தள்ளு, இறக்கு, ஓர் அடி. தூக்கு, தள்ளு, இறக்கு, இன்னோர் அடி. மாமா ஜன்னலுக்கே போய்ச் சேர்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். கொசுவின் தலையில் கையை வைத்தார்.

கீழே அம்மா தூங்கினார். காலை போனது. நண்பகல் போனது. அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த கேக் மேசையிலேயே காத்திருந்தது. கொசுவும் அப்பாவும் அதைப் பார்த்தபடி, ஆறிப்போன சோற்றைச் சத்தம் வராமல் மென்றார்கள். அம்மா ஒரு முறைகூடப் புரளவில்லை.

சாயங்கால வெயில் சுவரில் ஏறும்போது அம்மா திடுக்கிட்டு எழுந்தார்.

"ஐயோ, மணி என்ன? ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு? மாடியில என்ன ஆச்சு?"

"அம்மா, அது வந்து..."

"ஏதோ ஆயிடுச்சு! எப்பவும் கேக்கிற சத்தம் திடீர்னு நின்னுபோனா, அங்க என்னமோ சரியில்லைன்னு அர்த்தம்!" கலைந்த தலையோடு அம்மா படியேறி ஓடினார். கொசுவும் அப்பாவும் பின்னாலேயே ஓடினார்கள்.

கதவருகே அம்மா சட்டென்று நின்றார். தபால்காரர் மாமா நடந்துகொண்டிருந்தார். தூக்கு, தள்ளு, இறக்கு, ஓர் அடி. தரையிலிருந்து 'தப், தப்' என்று ஓசை. பூனை நடந்தால்கூட அதைவிடச் சத்தம் வரும்.

"வாங்கம்மா!" என்றார் மாமா. "உங்க பொண்ணு என் குதிரைக்குச் செருப்பு தைச்சுப் போட்டிருக்கா, பாருங்க."

அம்மா குனிந்து நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். ரப்பரை அழுத்திப் பார்த்தார். கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தார். தபால்தலைகளை விரலால் தடவினார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"இதுக்குத்தான் என்ன வேணும்னு கேட்டியாடி?"

"நீதானே தூக்கம் கேட்டே? எனக்கு இப்படித்தான் தைக்கத் தெரிஞ்சுது."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் கண்கள் இன்றைக்குச் சிவக்கவில்லை. கொஞ்சம் ஈரமாக மட்டும் இருந்தன.

அப்பா கேக்கை மாடிக்கே கொண்டுவந்தார். மாமா ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டார். அம்மா இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கொசு, எங்க வார்டுலயும் ராத்திரியெல்லாம் நாற்காலி இழுக்கிற சத்தம்தான். நோயாளிங்க பாவம், தூங்க முடியாம தவிக்கறாங்க. அதுக்கெல்லாம் இதே மாதிரி தைச்சுத் தரியா?"

"ஒரு வார்டுல எத்தனை நாற்காலிம்மா இருக்கும்?"

"அது இருக்கும், நிறைய."

கொசு எரியும் விரல்களைப் பார்த்தாள். எத்தனை கால்கள் என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். பாதியிலேயே பெரிய கொட்டாவி ஒன்று வந்தது.

"தைக்கலாம்மா" என்று அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்தாள். "ஆனா முதல்ல நான் தூங்கணும். யாரும் சத்தம் போடாதீங்க!"